பித்தளைப் பல்

பிப்ரவரி 5, 2024, திங்கள்

விடிந்ததும் மூன்று எரிச்சல். குரங்கு வந்து மாவுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனது. முந்தாநாள் கேஸ் கொண்டுவந்தவன் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டானாம். நானும் என் மனைவி பிலோமினாவும் அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தோம். எங்கள் இருவரையும் அவன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது எரிச்சல் ஜீப்பில் வந்தது. மேல்மலை ஆங்லர்ஸ் கிளப், அதாவது மீன்பிடிக் கிளப்பின் செயலாளர், ரகுநாத் என்று பெயர். நான் நாற்பது வருடம் பிட்டராக இருந்த தேயிலை பேக்டரியின் மானேஜர்தான் என்னைச் சொல்லி அனுப்பினாராம். ஒரு வெல்வெட் துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பழைய மீன்பிடி ரீல். டிரவுட் மீன் பிடிக்க இறகில் பொய்ப்பூச்சி கட்டி வீசுவார்களே, அந்தத் தூண்டில் கழியில் நூல் சுற்றுகிற சக்கரம். உள்ளங்கையை நிறைக்கிற அளவு. கைப்பிடி உடைந்து, விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, சுற்றினால் சத்தமே இல்லை.

“மிஸ்டர் இன்னாசி, மார்ச் பத்தாம் தேதி எங்க கிளப்புக்கு நூறு வருசம். சீஃப் கெஸ்ட் மேடையில இத ஒரு தடவ சுத்துவாரு. கிர்ருனு சத்தம் வரணும். பார்ட்ஸ் எல்லாம் இங்கிலாந்துல இருந்து வருது. நீங்க மாட்டிக் குடுத்தாப் போதும்.”

மாட்டிக் கொடுத்தால் போதுமாம், பல்பு மாட்டுகிற மாதிரி. போகும்போது, “அப்படியே கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணிடுங்க” என்றார். அந்தக் கறுப்பு நிறம் செய்தவன் பூசியது. மீன் மிரளக்கூடாது என்றுதான் மங்கலாக வைத்தான். நூறு வருடம் தூண்டில் போட்ட கிளப்புக்கு இதுகூடத் தெரியவில்லை.

ஜீப் போனதும் பிலோமினா கேட்டாள். “உங்கண்ணனத் தொரத்துன கிளப்புதான இது?”

அதே கிளப். அதே ரீல். சவரிமுத்து அண்ணன் அவலாஞ்சி ஓடையில் அவர்களுக்கு வாட்சராக, காவல்காரராக இருந்தார். 1974இல் இந்த ரீலின் உள்பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டார் என்று சொல்லி ஒரே மத்தியானத்தில் வேலையை விட்டு நீக்கினார்கள். குவார்ட்டர்ஸும் போயிற்று. தகரப் பெட்டியைக் கயிற்றில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினார். இப்போது எழுபத்து நாலு வயது, நிமிர்ந்து நிற்க முடியாது.

அண்ணன் திருடவில்லை. அதை இந்த நோட்டில் எழுதிவைக்கிறேன். வேலையை ஏன் ஒப்புக்கொண்டேன் என்று பிலோமினா கேட்டாள். வேலை வேறு, அது வேறு என்று சொன்னேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

திருகாணிகளின் தலையைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. எவனோ பெரிய ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பி, வெட்டுக் காடியைக் கடித்துத் துப்பியிருக்கிறான். முனையைச் சாணை பிடித்துச் சரியான அகலத்துக்குக் கொண்டுவரவே அரை நாள் போயிற்று. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.

பின்வாசல் கொண்டி சரியாக விழவில்லை என்று பிலோமினா புகார். போன மாதம் நானே அராவிப் போட்டது. “நீங்க அரம் புடிச்சா எல்லாம் எடது பக்கம் சாயும். மகராசன் ரொட்டி வெட்டினாலும் அப்பிடித்தான்” என்றாள். பேக்டரியில் சேர்ந்த புதிதில் போர்மேனும் இதையே சொல்வார். கொண்டி கொண்டியாகத்தான் இருக்கிறது. கதவுதான் மழையில் ஊதிவிட்டது.

பிப்ரவரி 8, வியாழன்

திறந்தேன். மசகு மெழுகாக இறுகிக் கிடந்தது. டிரம்மின் பின்னால் ஒரு பற்சக்கரம், அதை உரசியபடி ஒரு சின்ன முக்கோணப் பல், பல்லைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். டிரம் சுற்றும்போது பல் குதித்துக் குதித்து விழும், அதுதான் அந்தச் சத்தம். நூல் தறிகெட்டு ஓடாமல் பிடிப்பதும் அந்தப் பல்தான். எஃகில் இருக்க வேண்டியது.

இருந்தது பித்தளை. முனை தேய்ந்து மொட்டையாகி, சக்கரத்தைத் தொடவே இல்லை. சக்கரம் எஃகு, அதன்மேல் பித்தளையை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? செய்தவன் அரைகுறை. ஒரு முகத்தில் ஏதோ எண்ணின் பாதி அழியாமல் நிற்கிறது, ஏழாக இருக்கலாம்.

இன்று இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இங்கிலாந்துப் பொட்டலம் வந்தது. கைப்பிடி சரி, ஸ்பிரிங் சரி. பல்லின் துளை மட்டும் பெரிது, வேறு மாடலுக்கானது. செயலாளருக்குப் போன் செய்தேன். “ரீல் படம் அனுப்பினோமே” என்கிறார். படத்தில் துளை தெரியுமா? அளவு எடுத்து அனுப்ப வேண்டாமா? நானே எஃகில் ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.

“வேணாம் மிஸ்டர் இன்னாசி. ஏற்கெனவே ஒரு தடவ எவனோ லோக்கல்ல செஞ்சு போட்டுத்தான் பிரச்சினை ஆச்சு. ஒரிஜினல் பார்ட்தான் வேணும்.”

லோக்கல். இவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால் இவர் மட்டும் லண்டனில் பொட்டலம் கட்டி அனுப்பப்பட்டவர் போல இருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். நாற்பது நாள் வீட்டில் கறி கிடையாது. இந்தத் தவக்காலத்திலாவது சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறீர்களா என்றாள் பிலோமினா. என்னிடம் என்ன பாவம் இருக்கிறது, கோபத்தைத் தவிர என்றேன். அவள் கொண்டியை நீக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொண்டி கொஞ்சம் சிக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எமரால்டில் இருக்கிற அண்ணனுக்குப் போன் செய்தேன். அவருக்குச் சொந்தமாகப் போன் இல்லை, பக்கத்து வீட்டு மல்லிகாதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். முதுகுவலி குளிருக்கு அதிகமாகியிருக்கிறது.

“என்ன வேலை பாத்துட்டு இருக்க?”

“தையல் மிஷின் ஒண்ணு வந்திருக்குண்ணா.”

“சரி. பாத்துச் செய்யி. கண்ணு பத்திரம்.”

எதற்குத் தையல் மிஷின் என்று சொன்னேன், தெரியவில்லை. வயதான மனிதரைப் பழசை நினைக்கவைத்து வருத்த வேண்டாம் என்பதற்காக இருக்கும். அண்ணனுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. இருக்கக் காரணமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறார், காரட் கொண்டுவருகிறார், உலக விஷயமெல்லாம் பேசுகிறோம். அந்த ஒன்றை மட்டும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 24, சனி

சரியான பல் வந்தது. பொடியைத் துடைத்து, தண்டு வளைந்திருந்ததை நிமிர்த்தி, புதுக் கைப்பிடி போட்டு, துளி எண்ணெய் விட்டு மூடினேன். பாலிஷ் போடவில்லை.

சுற்றினேன். கிர்ரென்று மணிமணியாக வந்தது. அடுப்படியிலிருந்து பிலோமினா ஈரக் கையோடு வந்து, “இன்னொரு தடவ சுத்துங்க” என்றாள். சுற்றினேன். இந்தச் சத்தத்தை நான் கேட்டு ஐம்பது வருடம் ஆகிறது.

மார்ச் 1, வெள்ளி

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

ரீலைக் காட்டக் கிளப்புக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி தயார். உள்ளே அச்சடித்த அட்டை ஒன்று. ரீல் எந்த வருடம் வந்தது, யார் யார் பிடித்தார்கள் என்றெல்லாம் போட்டு, கடைசியில் இப்படி: ‘1974இல் வாட்சர் சவரிமுத்து இதன் உள்பாகத்தைத் திருடி விற்றுவிட்டு, பதிலுக்கு ஒரு பித்தளைத் துண்டைச் செருகி வைத்தார். ஆனால் கிளப்பின் காதை ஏமாற்ற முடியவில்லை.’

பெயர் போட்டிருக்கிறார்கள். அதுவும் சிரிப்பதற்கு. வருகிறவர்கள் கையில் கேக்கை வைத்துக்கொண்டு படித்துச் சிரிப்பார்கள். இந்தக் கிளப்புக்குக் காது இருந்திருந்தால் அன்றைக்கு அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கும்.

அந்த வரியை எடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னேன்.

“ஏன்? இன்ட்ரஸ்டிங்கா இருக்கே. மினிட்ஸ் புக்ல இருக்கறததான் போட்டிருக்கோம்.”

“மினிட்ஸ்ல இருக்கறது தப்பு சார். அவரு திருடல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியுமாம். கேள்வியைப் பார். ஒரு மனிதன் நல்லவன் என்று சொன்னால் நம்பக்கூடாதா, அதற்கும் அத்தாட்சி வேண்டுமா? “அவரு என் அண்ணன்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. சாரி என்றார், உங்கள் உணர்ச்சி புரிகிறது என்றார், ஆனால் வரலாறு வரலாறுதானே என்றார். ரீலில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு பிலோமினா சொன்னாள். “எப்படித் தெரியும்னு கேட்டாருன்னா பதில் சொல்ல வேண்டியதுதான?”

மார்ச் 2, சனி

குழாயில் தண்ணீர் வரவில்லை. ரீலை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மார்ச் 6, புதன்

மத்தியானம் தூங்கி எழுந்து வந்தால் மேஜைமேல் தீப்பெட்டி திறந்து கிடக்கிறது. பிலோமினா பின்வாசல் கொண்டியைக் கழற்றிக் கொண்டுவந்து, அதன் பக்கத்தில் பித்தளைப் பல்லை வைத்திருந்தாள். என் பூதக்கண்ணாடியையும் எடுத்து வைத்திருந்தாள்.

“ரெண்டும் ஒரே பக்கம் சாயுது” என்றாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன்.

1974, மே மாதம். எனக்குப் பதினேழு வயது, பேக்டரியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்குப் போவேன். அன்று அண்ணன் ஊட்டிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். கிளப் ஷெட்டிலிருந்து ரீலை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். மீன் பிடிக்கக்கூட இல்லை, அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான். பாறையில் நழுவவிட்டேன். பல்லின் முனை உடைந்தது.

உடைந்ததை மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன். ஆணியில் அண்ணனின் பெட்டிச் சாவி தொங்கியது. பித்தளைச் சாவி, எண் பொறித்த தலை நல்ல கனம். அதையும் எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் பேக்டரி மேஜையில் வைத்து அராவினேன். அடுத்த ஞாயிறு யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டேன். திருகாணித் தலைகளைக் கெடுத்ததும் நான்தான். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்கு மாதம் ஓடியது. செப்டம்பரில் யாரோ ஒரு பெரிய மனிதர் பெரிய மீன் ஒன்றைக் கொக்கியில் மாட்டினார். தேய்ந்த பித்தளை பிடிக்கவில்லை, நூல் தறிகெட்டு ஓடிச் சிக்கி அறுந்தது. திறந்து பார்த்தார்கள். மத்தியானமே அண்ணனை அனுப்பிவிட்டார்கள்.

என்னைப் பேக்டரியில் சேர்த்துவிட்டது அந்தக் கிளப்பின் தலைவர். அண்ணன்தான் அவரிடம் கெஞ்சிச் சிபாரிசுச் சீட்டு வாங்கித் தந்திருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் என் வேலையும் போயிருக்கும். திறக்கவில்லை. அந்த வேலையில்தான் கல்யாணம் செய்தேன், வீடு கட்டினேன், நாற்பது வருடம் எல்லார்மேலும் கோபப்பட்டேன்.

மார்ச் 9, சனி

மேடையில் எழுந்து பேச எனக்குத் தைரியம் வராது. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஆகவே இங்கிலாந்துப் பல்லை எடுத்துவிட்டுப் பித்தளையைப் போட்டேன். நுனி கொஞ்சமாவது தொடும்படி ஸ்பிரிங்கை வளைத்துவிட்டேன். திருகாணிகளை முடுக்கியாயிற்று. காலையில் ஜீப் வரும்.

மார்ச் 10, ஞாயிறு

நூறு பேர் இருப்பார்கள். பிலோமினாவும் நானும் கடைசி வரிசை. சீஃப் கெஸ்ட் ரீலை உயர்த்திப் பிடித்து, மைக் பக்கத்தில் வைத்துச் சுற்றினார். கரக், கரக், பிறகு ஒன்றுமில்லை, மறுபடி கரக். செருப்பில் கல் மாட்டியது போல ஒரு சத்தம்.

முன்வரிசையில் கைத்தடியோடு ஒரு கிழவர், தொண்ணூறு இருக்கும், பழைய மெம்பராம். “இதே சத்தம்தான். அன்னைக்கும் இதேதான்” என்றார். செயலாளர் என்னைத் தேடித் திரும்பினார். “மிஸ்டர் இன்னாசி, என்ன இது? ஒரிஜினல் பார்ட் குடுத்தோமே.”

இனி உட்கார்ந்திருக்க வழியில்லை. பிலோமினா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள் என்றும் சொல்லலாம்.

“ஒரிஜினல் என் பையில இருக்கு சார். இப்ப உள்ள இருக்கறது நான் பதினேழு வயசுல செஞ்சது. ரீல ஒடச்சது நான், அத மறைக்கப் பித்தளையப் போட்டதும் நான். எங்கண்ணன் ஒண்ணையும் திருடல, ஒண்ணையும் விக்கல. அவர ஒரு வார்த்தை கேக்காம வெளிய அனுப்பிட்டு, அம்பது வருசம் கழிச்சு அட்ட அடிச்சுச் சிரிக்கிறீங்க.”

யாரோ கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். செயலாளர் மைக்கில், “வாட் எ ஸ்டோரி” என்றார். சின்னப் பையன் செய்த தப்பு, கிளப் பெருந்தன்மையோடு மன்னிக்கிறது என்றார். டீ நேரத்தில் என்னோடு போட்டோ எடுத்துக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள்.

திருடாத அண்ணனுக்கு அரை மணி நேரம் கொடுக்கவில்லை. ஒப்புக்கொண்ட எனக்கு அரை நிமிடத்தில் மன்னிப்பு, கூட ஒரு துண்டு கேக். இவர்கள் யார் மன்னிக்க? இவர்களுக்கா மூட்டை தூக்கி முதுகு வளைந்தது?

கேக்கைத் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன், யாரும் தடுக்கவில்லை. அந்த மேடையிலேயே ரீலைத் திறந்து ஒரிஜினலை மாட்டிக் கொடுத்தேன். பித்தளையை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 11, திங்கள்

போன் மணி. மல்லிகா என்று நினைத்தால் அண்ணன். அவராகப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. எமரால்டிலிருந்து கிளப்புக்குச் சமையல் வேலைக்குப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

“கூட்டத்துல எல்லாருக்கும் சொன்னியாமே.”

“ஆமாண்ணா.”

“எனக்கு எப்ப சொல்லப்போற?”

வைத்துவிட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

காலை பஸ். வழியெல்லாம் டிரைவர்மேல் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாகத்தான் ஓட்டினார்.

அண்ணன் வாசலில் சாக்கு விரித்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்று பயம்.

“அண்ணா, ரீலக் கீழ போட்டது நான். உங்க பெட்டிச் சாவிய எடுத்து அராவினது நான். உங்க வேல போனப்ப வாயத் தொறக்காம நின்னதும் நான்தான்.”

பித்தளைப் பல்லை அவர் கையில் வைத்தேன். அவர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய், ஒரு பழைய பூட்டைக் கொண்டுவந்தார். கொக்கி நெளிந்து கிடந்தது. அதன்மேல் 37 என்று எண். பல்லில் மிச்சமிருந்த பாதி எண்ணை அதன் பக்கத்தில் வைத்தார்.

“சாவி காணாமப் போன அன்னைக்கே தெரியும். பூட்ட ஒடச்சுத்தான் பெட்டியத் தொறந்தேன். ரீலோட சத்தம் மாறினதும் தெரியும். தினமும் அதத் தொடைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். வேல போன பெறகாவது சொல்லுவேன்னு நெனச்சேன். அவனுங்ககிட்ட இல்லடா. எங்கிட்ட.”

“கோவம் இல்லயாண்ணா?” என்று கேட்டேன். என்ன முட்டாள்தனமான கேள்வி.

“கோவம் இல்லாமயா இந்தப் பூட்ட வச்சிருந்தேன்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காரட்டத் தூக்கிட்டு வந்து உன் மூஞ்சியப் பாப்பேன். இந்த வருசம் சொல்லுவான்னு. நீ கவர்மென்ட்டத் திட்டுவ, கொரங்கத் திட்டுவ.”

அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. மல்லிகா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

“இதுக்கு வேற சாவி செஞ்சு தரேண்ணா” என்றேன்.

“செய்யி” என்றார். “இங்கயே உக்காந்து செய்யி. நேரா அராவு.”

கடைசி பஸ் நாலரைக்கு. மல்லிகாவின் போனில் பிலோமினாவைக் கூப்பிட்டு, நான் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொன்னேன். அரத்தை நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.